உறை போடாத பெட்டி

என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உறை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "தூசி படியுமே" என்று எனக்காகக் கவலைப்படுகிறார்கள். படியட்டும். தூசியைத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். எங்கள் கொல்லிமலையில் கம்ப்யூட்டரைக் கெடுப்பது தூசி இல்லை, ஈரம். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. மெக்கானிக்கும் சொல்லவில்லை. சொன்னவர்கள் எல்லாரும் தலைகீழாகச் சொன்னார்கள். அதனால்தான் இன்றுவரை யாராவது கம்ப்யூட்டருக்கு யோசனை சொல்ல வாயைத் திறந்தால், "நீங்க எந்த ஊருங்க?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மிளகு நன்றாகக் காய்த்தது. அந்தப் பணத்தில் எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக. அண்ணன் அடிவாரத்து டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நான் அதே டவுனில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, கம்ப்யூட்டரும் ஆறு மாதம் படித்துவிட்டு, மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கே திரும்பியிருந்தேன். சில ஊர்கள் சேர்ந்த பகுதியை எங்கள் மலையில் நாடு என்போம். பெட்டி எங்கே இருப்பது என்பதில்தான் சண்டை. கடையில் இருந்தால் நாலு பேர் வருவார்கள் என்றார் அண்ணன். மலையில் இருந்தால் நாலு பேர் கீழே போக வேண்டியதில்லை என்றேன் நான். அப்போது ஒரு மனு டைப் அடிக்க வேண்டுமென்றாலும் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாளைத் தொலைத்துவிட்டு, எழுபது வளைவு ஏற வேண்டும். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் மறுபடியும் இறங்க வேண்டும்.

அண்ணன் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு கணக்குப் போட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

"மூணு தடவை பாப்பேன் புள்ள. மூணாந் தடவை நின்னுதுன்னா, பெட்டி கீழ வந்துரும். நீயும் வேணும்னா வந்து கடையில உக்காந்து அடி."

அண்ணன் கடையில் அண்ணன் மேற்பார்வையில் அண்ணன் சொல்கிறதை அடிப்பது. எனக்கு அந்த யோசனையே நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சரி என்று சொல்லிவிட்டு, மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஐம்பதாவது வளைவில் வாந்தி வந்தது. ஜன்னல் பக்கம் தலையை மட்டும்தான் திருப்பினேன், கையை எடுக்கவில்லை.

முன்னறையில் மேசை போட்டு வைத்தேன். சோளக்காடு என்கிற ஊருக்குச் சந்தைக்குப் போகிற ஆட்கள் வழியில் இறங்கி மனு அடித்துக்கொண்டு போனார்கள். ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. பிரிண்டர் கறகறவென்று ஓடும் சத்தத்தில் எங்கள் வீட்டுக் கோழிகள் முதல் நாள் மட்டும் மிரண்டன. நான் தலை நிமிர்ந்து நடந்த மாதங்கள் அவை.

ஐப்பசி வந்தது. மூன்று நாளாக எதிர்வீடு தெரியாத பனி, விட்டுவிட்டு மழை. நாலாம் நாள் காலையில் சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப், கொஞ்சம் விட்டு இன்னொரு பீப். அன்றைக்கு முழுக்கப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

அண்ணன் கடைத் தெருவிலிருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் பெட்டியைத் தன் மேசையில் வைத்தார். முதலில் டீ குடித்தார். கடைக்குள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒயரைச் சொருகி, ஒரே ஒரு தடவை பட்டனை அழுத்தினார். பெட்டி ஓடியது. ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

"பெட்டியில ஒண்ணுமே இல்லீங்க. உங்களுக்குப் போடத் தெரியலீங்க" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "தூசி போயிருக்கும். நல்ல உறையா வாங்கி மூடி வைங்க."

ஆறு மாதம் படித்தவளுக்குப் பட்டன் அழுத்தத் தெரியவில்லையாம். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஆனாலும் உறையை வாங்கித்தான் வந்தேன். மானிட்டருக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. நீல நிறப் பிளாஸ்டிக், ஓரத்தில் வெள்ளைச் சுருக்கு. மணப்பெண்ணுக்குச் சீர் வைத்த மாதிரி அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்கும் எழுதிப் போட்டேன். அதில் கடைசிப் பக்கங்களில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். மலை, பனி, பீப் சத்தம், மேலே நின்றது கீழே போனதும் ஓடியது என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். தை மாதத்தில் பதில் வந்தது. கம்ப்யூட்டரை ஏசி அறையில் வைப்பது நல்லது, முடியாதவர்கள் தரமான உறை போட்டு மூடவும், பழுதானால் அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று இருந்தது. என் கேள்வியை இரண்டு வரியாக வெட்டியிருந்தார்கள். வெட்டியதில் மலை காணாமல் போயிருந்தது.

கொல்லிமலையில் ஏசி! சித்திரையிலேயே விடிகாலையில் கம்பளியைத் தேடுகிற ஊர் இது. படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் இரண்டு பேர் உறை என்று சொல்லிவிட்டார்களே, அதிலும் ஒருவர் அச்சில் சொல்லியிருக்கிறாரே என்று அதை மட்டும் நம்பினேன். தை முதல் வைகாசி வரை பெட்டி நின்றதே இல்லை. உறையால்தான் ஓடுகிறது என்று வந்தவர்களிடம் எல்லாம் பெருமையடித்தேன். அது வெயில் காலம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஆடிச் சாரலில் இரண்டாம் தடவை நின்றது. இந்தத் தடவை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஓடும், நான் மறுபடி முட்டாளாவேன். ஈரம்தான் காரணம் என்ற சந்தேகம் எனக்கு அப்போது லேசாக வந்திருந்தது. எங்கள் வீட்டில் ஆடி மாதத்திலும் காய்ந்து கிடக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அடுப்புக்கு மேலே இருக்கும் பரண். விதைச் சாமையும் மிளகும் அங்கேதான் இருக்கும். கீழே தினமும் விறகு எரிவதால் பூச்சியும் வராது, பூஞ்சையும் வராது. நானும் அம்மாவும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பரணில் ஏற்றினோம். சாமை மூட்டையை நகர்த்தி இடம் பண்ணினாள் அம்மா. நாலு நாள் வைத்திருந்து இறக்கினோம். சுவிட்சைப் போட்டேன். ஓடியது!

அன்றைக்கு நான் ஆடாத ஆட்டமில்லை. மறுபடி நின்றது, மறுபடி ஏற்றினோம், மறுபடி ஓடியது. நான்கு முறை இப்படிச் செய்தோம். ஐந்தாம் முறை இறக்கிப் போட்டபோது உள்ளே ஃபேன் மாவு மில் மாதிரி கத்தியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்தது. அணைந்ததோடு சரி.

டவுனுக்குப் போகாமல் வேறு வழி இல்லை. மெக்கானிக் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே எல்லாம் கரி. ஃபேனில் கரி பிசினாக ஒட்டியிருந்தது. பெட்டியைச் சாய்த்ததும் ஒரு கை சாமை மேசையில் கொட்டியது, கூடவே ரெண்டு மிளகு உருண்டு விழுந்தது. அவர் வாசலுக்குப் போய்ப் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டார்.

"வாங்க, வந்து பாருங்க. மலைக்காரங்க கம்ப்யூட்டரை அடுப்பு மேல வெச்சு பொகை போட்டிருக்காங்க!"

அவர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் சாமையைக் கையில் அள்ளிப் பார்த்தார். சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். தான் தொழில் செய்கிற தெருவில் தங்கை மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவருக்கு. மெக்கானிக் கரியைச் சுரண்டி, வேறு ஃபேன் மாட்டிப் பெட்டியை ஓடவிட்டுக் கொடுத்தார்.

"ரெண்டு ஆச்சு" என்றார் அண்ணன் பஸ் ஸ்டாண்டில்.

அந்தப் பஸ்ஸில் நான் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் முப்பதாவது வளைவு தாண்டியதும் அழுகை கோபமாகிவிட்டது. சிரிக்கட்டும். பரணில் வைத்ததும் பெட்டி ஓடியதா இல்லையா? நான்கு தடவையும் ஓடியது. என் யோசனையில் பாதி சரி. அவர்கள் யோசனையில் அந்தப் பாதிகூட இல்லை. புகை தப்பு, சூடு சரி. புகை இல்லாத சூடு வேண்டும், அவ்வளவுதானே.

வீட்டுக்கு வந்து ரெண்டாம் நாள் காலை, பெட்டிமேல் இருந்த உறையை எடுத்தேன். கையில் ஈரம் பட்டது. உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். மிளகைச் சரியாகக் காயவைக்காமல் உரச் சாக்கில் கட்டி வைத்தால் இப்படித்தான் உள்ளே வேர்க்கும், பத்து நாளில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால்தான் நாங்கள் மிளகைச் சணல் சாக்கில் மட்டும் கட்டுவோம். இது எனக்கு நடக்கப் பழகிய வயதிலிருந்து தெரியும். தெரிந்தும், மாலையில் வேலை முடிந்த கையோடு, சூடாக இருந்த பெட்டியைப் பிளாஸ்டிக்கில் இறுக்கி மூடியிருக்கிறேன், பனிக்காலம் முழுக்க. யாரோ அச்சில் போட்டார்கள் என்பதற்காக. மெக்கானிக்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் எனக்கு வந்த கோபம் பெரிது. மூன்று உறையையும் கிழித்தேன். அம்மா பதறினாள்.

"ஏங்கண்ணு, புதுசப் போய் கிழிக்கற?"

"அது பெட்டிக்கு எமனும்மா."

சூட்டுக்கு வழியும் டவுன் பாதையிலேயே இருந்தது. கீழே எங்கு பார்த்தாலும் கோழிப் பண்ணைதான். டவுனில் படித்த காலத்தில் வீட்டுக்கு வரும்போதும் போகும்போதும் பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன், குஞ்சுகளுக்குக் குளிராமல் இருக்கத் தாழ்வாகப் பல்பு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கோழிக்குஞ்சுக்குச் செய்வதைக் கம்ப்யூட்டருக்குச் செய்தால் என்ன? பலா மரத்தில் செய்த, இடுப்பு உயரப் பழைய துணி அலமாரி ஒன்று வீட்டில் இருந்தது. மேல்தட்டில் பெட்டியை வைத்து, கீழ்த்தட்டில் நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்றைக் கட்டினேன். காற்று மேலே போக அலமாரியின் அடியிலும் முதுகிலும் தச்சரைக் கூப்பிட்டுத் துளை போட்டேன். கம்ப்யூட்டர் ஓடும்போது கதவு திறந்திருக்கும், பல்பு அணைந்திருக்கும். கம்ப்யூட்டரை அணைத்து அது ஆறியதும் கதவைச் சாத்திப் பல்பைப் போட்டுவிடுவேன். ஃப்ளாப்பிகளையும் அதற்குள்ளேயே வைத்தேன். மானிட்டர் அலமாரிக்கு மேலே உட்கார்ந்துகொண்டது.

ஆவணி, புரட்டாசி தாண்டியது. ஒரு நாள்கூட நிற்கவில்லை. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் நம்பவில்லை. சாமை கொட்டியதைக் கண்ணால் பார்த்தவர், பல்பை எப்படி நம்புவார்?

ஐப்பசியில் அடைமழை பிடித்த இரண்டாம் நாள், அண்ணன் மலை ஏறி வந்தார். கையில், நனையாமல் பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த ஒரு பெரிய சணல் சாக்கும் ஒரு சுருள் கயிறும் இருந்தன. இந்த மழைக்குப் பெட்டி நிச்சயம் நின்றிருக்கும், கட்டிக்கொண்டு சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறார். உள்ளே வந்தால் நான் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். குண்டனி நாட்டிலிருந்து வந்த ஒருவர், மனு பிரிண்டரிலிருந்து இறங்குவதைப் பார்த்தபடி நிற்கிறார். அண்ணன் சாக்கைத் தூணோரம் போட்டுவிட்டுத் தலையைத் துவட்டினார்.

எனக்கு அந்த மகிழ்ச்சி ஒரு மணி நேரம்தான். கரண்ட் போனது. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் வளைவில் பாறை சரிந்து பஸ்ஸும் வராது என்று சேதி வந்தது.

அண்ணன் அலமாரியைத் திறந்து அணைந்த பல்பைப் பார்த்தார். "இனி என்ன புள்ள பண்ணுவ? கரண்ட் வர ரெண்டு நாளாவது ஆகும். அதுக்குள்ள ஊறிப் போயிரும்."

"ஓடுமுங்ணா."

"ஓடலீன்னா?"

"ஓடலீன்னா கட்டிட்டுப் போங்க. நானே பஸ்ல ஏத்தி உடறேன்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. எனக்கு வாய் எப்போதும் ரெண்டு அடி முன்னால் போகும். அலமாரிக்குள் கையை வைத்துப் பார்த்தேன். கதகதப்பு இன்னும் இருந்தது, ஆனால் நிற்காது. பெட்டி போனால் நான் என்ன ஆவேன் என்று அந்தக் கணத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று அண்ணன் கடையில் ஒரு நாற்காலி, இல்லாவிட்டால் மரவள்ளிக் காட்டில் ஒரு மண்வெட்டி. மண்வெட்டி எனக்குக் கேவலம் இல்லை. ஆனால் நான் கற்றுக்கொண்டதை என் மலையில் வைத்துச் செய்ய முடியாது என்று மழையும் மெக்கானிக்கும் சேர்ந்து முடிவு செய்வதை என்னால் தாங்க முடியாது.

கரண்ட் இல்லை, அடுப்பு இருக்கிறதே. கொல்லைப்புறத்தில் கிடந்த செங்கல் இரண்டை எடுத்துக் கழுவி, அடுப்போரமாகச் சாய்த்து வைத்தேன். நன்றாகச் சுட்டதும் எடுத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டேன். சுற்றுவதற்குக் கனமாக ஏதாவது வேண்டும். வீட்டுச் சாக்கெல்லாம் ஈரம். தூணோரம் அண்ணன் போட்ட சாக்கு மட்டும் மடிப்புக் கலையாமல், கீழ்நாட்டு வெயில் வாசனையோடு காய்ந்து கிடந்தது. எடுத்துச் செங்கல்லைச் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அது பெட்டி கட்டறதுக்குக் கொண்டாந்தது" என்றார்.

"பெட்டிக்குத்தானே வெச்சிருக்கேன்" என்றேன்.

ரெண்டு நாள், விடிந்ததும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாய்கையில் ஒரு தடவை என்று செங்கல்லை மாற்றினேன். அம்மா சமைக்கிற நேரத்துக்கெல்லாம் என் செங்கல்லும் அடுப்பில் இடம் பிடித்தது. அவள் முணுமுணுத்தாள், ஆனால் விறகை ஒன்று கூடுதலாகவே தள்ளினாள். அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தார். ரெண்டாம் நாள் மத்தியானம் நான் வெளியே போயிருந்து திரும்பியபோது செங்கல் மாற்றியிருந்தது. அம்மாவைக் கேட்டேன், தான் இல்லை என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் கரண்ட் வந்தது. அண்ணன் எழுந்து அலமாரியிடம் போனார்.

"போடு புள்ள."

"இப்ப போட மாட்டேன். வந்த கரண்ட் நிலையா நிக்கட்டும்."

முன்னறைப் பல்பு குறைந்தது, கூடியது, மறுபடி குறைந்தது. மலையில் கரண்ட் வந்த வேகத்தில் சுவிட்சைத் தொடுகிறவர்கள் டிவியை ரிப்பேருக்குத் தூக்குகிறவர்கள். இதையும் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கால் மணி நேரம் அண்ணனை நிற்க வைத்தேன். ஸ்டெபிலைசர் முள் ஓரிடத்தில் நின்றதும் செங்கல்லை வெளியே எடுத்து வைத்தேன், சாக்கை உதறி மடித்தேன், உள்ளே கையை விட்டுத் தடவினேன். காய்ந்திருந்தது. பட்டனை அழுத்தினேன்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. பிறகு ஒரே ஒரு பீப், குட்டையாக. வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின.

வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். அண்ணன் குனிந்து கீழ்த்தட்டையும், துளைகளையும், பல்பையும் பார்த்தார்.

"எத்தன வாட்ஸு?" என்று கேட்டார்.

"நாப்பதுங்ணா. மேல போனா சூடு ஜாஸ்தி."

"கடையிலயும் மழை வந்தா பேப்பரு நமுத்துப் போவுது. மிசின்ல சிக்கிக்குது" என்றார் சுவரைப் பார்த்து.

பத்து மணிக்குப் பாதை சரியாகி பஸ் வரும் சத்தம் கேட்டது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு தூணோரம் பார்த்தார். கயிறு மட்டும்தான் கிடந்தது. அலமாரிப் பக்கம் திரும்பினார். சாக்கு கீழ்த்தட்டில் மடித்து இருந்தது.

"சாக்கு?"

"அது இங்க வேணுமுங்ணா. இன்னும் கார்த்திகை இருக்குதுல்ல."

அவர் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, "வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு, வெறும் கயிற்றோடு பஸ் ஏறினார்.